பச்சை மனிதன் எரியும்போது உங்கள் கார் ஏன் உருளுகிறது?

சிங்கப்பூரில் சாலைச் சந்திப்பில் இடப்பக்கம் திரும்பும் ஓட்டுநர்களே, முதலில் உங்களிடம்தான் கேட்க வேண்டும். உங்களுக்குப் பச்சை விழும் அதே நேரத்தில், நீங்கள் திரும்பப்போகும் சாலையைக் கடப்பவருக்கும் நடப்போர் விளக்கில் பச்சை மனிதன் எரிகிறது. சிக்னலில் கோளாறு ஒன்றும் இல்லை, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். உங்கள் பச்சைக்கு "திரும்பலாம்" என்பது மட்டும்தான் பொருள். நடப்பவர்கள் கடந்து முடிக்கும்வரை கோட்டுக்கு இந்தப் பக்கம் சக்கரம் நிற்க வேண்டும். லைசென்சுக்குப் படிக்கும்போது எல்லாரும் மனப்பாடம் செய்ததுதானே? தேர்வு முடிந்த மறுநாளே அது எங்கே போய்விடுகிறது?

நிற்கிறோம் என்பீர்கள். இல்லை, நீங்கள் நிற்பதில்லை. பிரேக்கைப் பாதி விட்டு, அங்குலம் அங்குலமாக உருட்டிக்கொண்டே வருகிறீர்கள். சந்தைத் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போகும் பாட்டியின் முழங்காலுக்கு அரை மீட்டரில் உங்கள் பம்பர். அவர் பாதி ஓட்டமாக ஓடி, கையைத் தூக்கி உங்களுக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போகிறார். அவருக்கே உரிய வழியில் நடந்ததற்கு உங்களுக்கு எதற்கு நன்றி? நீங்கள் அவரை விரட்டியிருக்கிறீர்கள். கார் அவரைத் தொடவே வேண்டாம். அந்த வயதில் அவசரப்பட்டு நடைபாதை விளிம்பில் கால் இடறி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். நீங்கள் அதற்குள் அடுத்த சிக்னலில் இருப்பீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். சந்திப்புக்கு முன்பே இடப்பக்கம் பிரியும் ஸ்லிப் ரோட்டில் ஒரு தடத்தின் அகலம் சுமார் 4 மீட்டர். சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்தால், 4 நொடிகூட ஆகாது. ஊன்றுகோலோடு அதில் பாதி வேகத்தில் போகிறவருக்கு 7 நொடி. இந்த 7 நொடிக்காகத்தான் பின்னால் இருப்பவர் ஹார்ன் அடிக்கிறார், முன்னால் இருப்பவர் அதற்குப் பணிந்து காரை நகர்த்துகிறார். ஹார்ன் அடிக்கிறவரே, முன்னால் யார் கடக்கிறார் என்று உங்கள் இருக்கையிலிருந்து தெரியவே தெரியாது. தெரியாத ஒன்றின் மேல் எப்படி ஒருவரை ஏறிப் போகச் சொல்கிறீர்கள்?

நிலப் போக்குவரத்து ஆணையம் 2009இல் பச்சை மனிதன் பிளஸ் வசதியைக் கொண்டுவந்தது. மூத்தோரும் உடற்குறையுள்ளோரும் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் உள்ள கருவியில் தட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 நொடி கூடுதலாகக் கிடைக்கும். மெதுவாக நடப்பவருக்கென்று அளந்து கொடுத்த நேரம் அது. அதைத்தான் நீங்கள் உருட்டிப் பறிக்கிறீர்கள். பச்சை மனிதன் மின்ன ஆரம்பித்துவிட்டால் இன்னும் மோசம். மின்னும்போது புதிதாக யாரும் இறங்கக்கூடாது, உண்மைதான். ஆனால் ஏற்கெனவே நடுச்சாலையில் இருப்பவர் கடந்து முடிக்கத்தான் விளக்கில் நொடி எண்கள் குறைந்துகொண்டே ஓடுகின்றன. அவை உங்கள் புறப்பாட்டுக்கான எண்ணிக்கை இல்லை.

வலப்பக்கம் திரும்பும்போது ஆபத்து வேறு மாதிரி. எதிரே வரும் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி தேடுவதிலேயே ஓட்டுநரின் கவனம் முழுக்கப் போய்விடுகிறது. இடைவெளி கிடைத்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாய்கிறார். திரும்பி முடித்த இடத்தில்தான் ஆள் கடந்துகொண்டிருக்கிறார். முன்கண்ணாடிக்கும் வலப்பக்கக் கதவுக்கும் நடுவே உள்ள தூண் ஒரு முழு ஆளை மறைக்கும். கார் வளைகிற வேகமும் அவர் நடக்கிற வேகமும் ஒத்துப்போனால், அவர் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே கடைசிவரை இருப்பார். "திடீரென்று வந்துவிட்டார்" என்று விபத்துக்குப் பிறகு சொல்வதில் பாதி இதுதான். அவர் திடீரென்று வரவில்லை, நீங்கள் பார்க்கவில்லை. இருக்கையில் உடம்பை முன்னும் பின்னும் சாய்த்துத் தூணைத் தாண்டிப் பாருங்கள். 2018க்குப் பிறகு பல சந்திப்புகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை அம்புக்குறி விளக்குகளைப் பொருத்தி, ஓட்டுநர் தன் கணிப்பில் வலப்பக்கம் திரும்புவதையே நிறுத்தினார்கள். உங்கள் கணிப்பை நம்ப முடியாமல்தான் அதைச் செய்ய வேண்டியிருந்தது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளின் கார்நிறுத்துமிட வாசலைச் சொல்லாமல் விட முடியாது. தடுப்புக்கம்பி மேலே போனதும் கார் புறப்படுகிறது. ஓட்டுநர் இடப்பக்கம் திரும்ப வேண்டும், வண்டிகள் வருவது வலப்பக்கமிருந்து. ஆகவே தலை வலப்பக்கமே திரும்பியிருக்கிறது. இடப்பக்கமிருந்து நடைபாதையில் வரும் பிள்ளையை அவர் பார்ப்பதே இல்லை! கார் நகரும்போதும் தலை வலப்பக்கம்தான். காலையில் பாலர் பள்ளிக்குப் பிள்ளைகள் போகும் வழியே அதுதான் என்பது அந்தப் புளோக்கில் குடியிருக்கும் உங்களுக்குத் தெரியாதா? வலம், இடம், மறுபடி வலம், கால் பிரேக்கை விடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை இடம். இதற்கு மூன்று நொடி போதும்.

"லெஃப்ட் டர்ன் ஆன் ரெட்" பலகை உள்ள இடங்களிலும் இதே கதை. சிவப்பில் திரும்பலாம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. முதலில் நிறுத்தக் கோட்டில் முழுதாக நின்று, நடப்பவருக்கும் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கும் வழிவிட்ட பிறகே திரும்பலாம் என்பது மறந்துபோகிறது.

ஸீப்ரா கிராசிங்கில் வேறென்ன அடையாளம்தான் வேண்டும்? மஞ்சள் விளக்கு மின்னுகிறது, அதற்கு முன்பே வளைந்து வளைந்து வெள்ளைக் கோடு வருகிறது. அந்த வளைகோட்டைக் கண்டதும் கால் பிரேக்குக்குப் போக வேண்டும். இரண்டு தடம் உள்ள இடத்தில் உயிர் போவது இப்படித்தான்: ஒரு தடத்தில் லாரியோ வேனோ நிற்கிறது. எதற்கு நிற்கிறது என்று யோசிக்காமல் பக்கத்துத் தடத்துக்காரர் அதைத் தாண்டிப் பாய்கிறார். லாரிக்கு முன்னாலிருந்து வெளிப்படும் ஆளுக்குக் காரும் தெரியாது, கார்க்காரருக்கு ஆளும் தெரியாது. ஸீப்ராவுக்கு முன் நிற்கும் வண்டியை எந்தக் காரணத்துக்காகவும் முந்தாதீர்கள். அதேபோல், நீங்கள் நின்றுகொண்டு கையசைத்து ஆளை "போ, போ" என்று அவசரப்படுத்தவும் வேண்டாம். பக்கத்துத் தடம் நின்றுவிட்டதா என்பது உங்களுக்கு நிச்சயமில்லை. நில்லுங்கள், அது போதும். அவர் பார்த்து நடப்பார்.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். ஆளைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி, கார் நிற்க இன்னொரு 14 மீட்டர். மொத்தம் 28, அதுவும் காய்ந்த சாலையில். 30இல் வந்தால் எல்லாம் சேர்த்து 13 மீட்டரில் நின்றுவிடும். அதாவது 30இல் வந்த கார் நின்றுபோகும் இடத்தில், 50இல் வந்தவர் பிரேக்கையே இன்னும் தொட்டிருக்க மாட்டார். முழு வேகத்தில் அங்கே மோதுவார். மூத்தோர் அதிகம் நடமாடும் சில்வர் ஸோன்களில் 30, 40 என்று பலகை வைத்திருப்பது இதனால்தான். அந்தப் பலகையை அலங்காரம்போலக் கடந்துபோகிறீர்களே!

உடனே ஒரு பதில் வரும்: "நடப்பவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள், கண்ட இடத்தில் கடக்கிறார்கள்." ஆமாம், சிலர் செய்கிறார்கள். கடக்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் வேறெங்காவது சாலையைக் கடந்தால் அது குற்றம், அதற்கு அபராதமும் உண்டு. நான் பேசுவது அவர்களைப் பற்றி இல்லை. பச்சை மனிதன் எரிந்த பிறகு, கோட்டுக்குள், இரண்டு பக்கமும் பார்த்து நடப்பவரைப் பற்றி. ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் சிராங்கூன் ரோட்டில் பச்சைக்காகக் கூட்டம் கூட்டமாகக் காத்திருக்கிறார்களே, அந்த வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றி. அவர்கள் இறங்கியதும் நடுவில் இடைவெளி பார்த்துக் காரை நுழைக்கிறவருக்கு எந்தச் சாக்கும் கிடையாது.

காமிராவில் பதிவு இருந்தால் தேதி, நேரம், இடம், வண்டி எண்ணோடு காவல்துறையின் இணையப் படிவத்தில் அனுப்புங்கள். 24 மாதத்தில் 24 குற்றப்புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் இடைநீக்கம் ஆகும். மரக்கிளை ஸீப்ரா விளக்கை மறைத்தாலும், கோடு மங்கிப்போயிருந்தாலும் குடியிருப்புப் பகுதிக் குறைகளைத் தெரிவிக்கும் ஒன்சர்வீஸ் செயலியில் படத்தோடு போடுங்கள். ஸ்லிப் ரோடுகளில் ஸீப்ராவை மேடாக உயர்த்தித் தரும்படியும் கேளுங்கள். மேட்டில் வேகமாக ஏறினால் காருக்கு அடிபடும் என்று தெரிந்ததும் எல்லாரும் தானாகவே மெதுவாக வருகிறார்கள். மனிதருக்காக இறங்காத வேகம் காருக்காக இறங்குகிறது. அப்படியாவது இறங்கட்டும்.