மாத்திரை இல்லாத நாட்களின் கணக்கை யார் எழுதுவது?

என் அக்காவிடம் ஒரு 40 பக்க நோட்டு இருக்கிறது. இடது ஓரத்தில் தேதி, அதற்கு நேராக எத்தனை மாத்திரை மிச்சம் என்று எழுதி வைப்பாள். போன தை மாதத்துப் பக்கத்தில் மட்டும் எண்ணே கிடையாது. "இல்லை, இல்லை, இல்லை" என்று வரிசையாக 11 நாள்.

அக்காவுக்கு இருமுனை மனநோய், மனசு சில நாள் அளவு மீறி ஏறும், சில நாள் ஒரேயடியாக இறங்கும். அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறாள். மாத்திரை ஒழுங்காக இருந்தால் எஸ்டேட் வேலைக்குப் போவாள், காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் மற்றவர்களுக்குச் சமமாகக் கூடை நிரப்புவாள். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்புகிற ஆபத்து அதிகம். அந்த 11 நாளில் எட்டாம் நாள் ராத்திரி அவள் தூங்கவே இல்லை. இரண்டு மணிக்கு வீட்டுப் பாத்திரம் அத்தனையும் வாசலில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விடிந்ததும் அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு போய் வீடு வீடாகப் படி அளந்து கொடுக்க ஆரம்பித்தாள். முகத்தில் அவ்வளவு சிரிப்பு. அம்மா பின்னாலேயே போய் ஒவ்வொரு வீட்டிலும் கெஞ்சி அரிசியைத் திரும்ப வாங்கி வந்தார்.

இத்தனைக்கும் நாங்கள் மருத்துவமனைக்குப் போகாமல் இல்லை. ஏற்காடு மலையிலிருந்து சேலத்துக்கு முதல் பஸ், 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு வளைவிலும் அக்காவுக்குக் குமட்டும், மடியில் பாலித்தீன் பை வைத்துக்கொண்டே வருவாள். இறங்கி, ஓபி சீட்டுப் போட்டு, மருத்துவரைப் பார்த்து, மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் போனால், "ஸ்டாக் இல்லைங்க, அடுத்த வாரம் வாங்க, அவசரம்னா வெளியில வாங்கிக்கோங்க." எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனையும் அங்கே இல்லை, வெளியில் காசு கொடுத்துத்தான் எடுத்தோம். ஜன்னலுக்குள் இருந்த பெண்மேல் எனக்குக் கோபமில்லை. வராத மாத்திரையை அவர் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்?

ஆனால் யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 18ஆம் பிரிவைத் தயவுசெய்து ஒரு முறை படியுங்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மனநல மருந்துகள், சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி அதற்கு மேலுள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும், எல்லா நேரமும், இலவசமாகக் கிடைக்க வேண்டும். "எல்லா நேரமும்" என்பது என் வார்த்தை இல்லை, சட்டத்தின் வார்த்தை. அதற்குப் போதுமான நிதி ஒதுக்குவதும் அரசின் கடமை என்று அதே பிரிவு சொல்கிறது. மாவட்டத்தில் குறைந்தபட்ச சேவைகூட இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் சிகிச்சை எடுக்கிற செலவை அரசு ஏற்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலேயே ஒரு வேடிக்கை நடக்கிறது, வேதனையோடுதான் சொல்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை. மக்களைத் தேடி மருத்துவம் வந்ததிலிருந்து அவருடைய மாத்திரை வாசலுக்கே வருகிறது. மருந்து கொண்டுவருகிற பெண் திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்து, நோட்டில் பதிந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார். நல்ல திட்டம், மனதார வாழ்த்துகிறேன். அதே திண்ணையில் அக்காவும் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மாத்திரைக்கு மலை இறங்க வேண்டும். மனசு வைத்தால் இந்த மலைமேலும் மருந்து வரும் என்று கண்ணெதிரே பார்த்த பிறகு, முடியாது என்கிற பேச்சை நான் எப்படி நம்புவது?

சரி, யாரைக் கேட்பது? போன அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து கேட்டேன். குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை எல்லாம் பேசி முடிந்திருந்தது. "நம்ம ஊராட்சியில மனநல மருந்து எத்தனை பேர் சாப்பிடுறாங்க, எத்தனை நாள் கிடைக்காம போச்சு, கணக்கு இருக்குதுங்களா?" சபை அமைதியாகிவிட்டது. "அது மாவட்டத்துல பார்க்கிறதுங்க, நம்ம கையில இல்ல" என்றார்கள். பின்னாலிருந்து ஒருவர், "வீட்டு விஷயத்தை ஏம்ப்பா சபையில பேசறே?" என்றார். கூட்டம் கலைந்து டீக்கடைக்கு வந்தால், இரண்டு பெண்கள் தனித்தனியாக வந்து காதோடு காதாகச் சொன்னார்கள். "எங்க வூட்டுலயும் அதே மாத்திரதான் தம்பி." ஒருவருக்கு மகன், இன்னொருவருக்கு வீட்டுக்காரர். மூன்று வீடும் ஒரே சபையில்தான் உட்கார்ந்திருந்தோம்.

"நம்ம கையில இல்ல" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் மத்திய, மாநில அரசுகளின் பணத்தில் சுகாதாரத் துறை நடத்துவது. மருத்துவரை நியமிப்பதும் மருந்து அனுப்புவதும் ஊராட்சி இல்லை. ஆனால் அரசியலமைப்பின் 11ஆம் அட்டவணையில், ஊராட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய 29 பொறுப்புகளில் மருத்துவமனையும் ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்கின்றன. 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு என்றே 70,051 கோடி ரூபாயை 15ஆவது நிதிக்குழு நாடு முழுவதற்கும் பரிந்துரைத்தது. அதனால் உள்ளாட்சி மன்றம் கேள்வி கேட்கவாவது வேண்டும். தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். டெங்கு வந்தால் வீட்டு டிரம்முக்குள் டார்ச் அடித்துப் புழு எண்ணுகிறோமே, எத்தனை நாள் மாத்திரை இல்லை என்று எண்ண முடியாதா?

கீழே சேலத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி. மாநகராட்சியில் 60 வார்டு இருக்கிறது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் மாநகராட்சியின் பொறுப்பில் இருப்பவை. அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுபவரும் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் உட்காருபவரும் தங்கள் கவுன்சிலரை நேரிலேயே கேட்கலாம்.

நான் கேட்பது பெரிய மனநல மருத்துவமனை எல்லாம் இல்லை. மருத்துவர் எந்தக் கிழமை வருவார், போன மாதம் எத்தனை நாள் வந்தார் என்று மருத்துவமனை வாசலில் ஒரு போர்டு. எந்த மருந்து எத்தனை நாள் தீர்ந்திருந்தது என்ற கணக்கு, கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போது கூடவே வாசிக்கப்பட வேண்டும். யார் பெயரும் வேண்டாம். நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. எண்ணிக்கை போதும்.

வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் எழுத்தில் கேட்போம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, காலிப் பணியிடங்கள், மருந்து இருப்புப் பதிவேட்டின் நகல். அப்புறம் மனநலச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. சேவையில் குறை இருந்தால் முதலில் பொறுப்பு மருத்துவ அலுவலரிடம், அதற்கு மேல் மனநலச் சீராய்வு வாரியத்திடம், அதற்கும் மேல் மாநில மனநல ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். இந்த வழி இருப்பது எனக்கே இந்த வருடம்தான் தெரிந்தது. மனநோய் தீர வேண்டிக்கொள்கிற குணசீலம் பெருமாள் கோவிலில் 48 நாள் தங்கி வேண்டிக்கொண்ட குடும்பம் எங்களுடையது. எல்லாக் கதவையும் தட்டினோம், இந்தக் கதவு இருப்பதை யாரும் சொல்லவில்லை.

அக்கா பெயரைச் சபையில் சொல்லிவிடாதே என்று அம்மா இன்றும் சொல்கிறார். நோட்டின் அந்தத் தை மாதப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தபோது பெயர் தெரிகிற இடத்தில் துண்டுக் காகிதம் வைத்து மறைத்தேன். அக்கா பார்த்துவிட்டு, "எதுக்குடா மறைச்சே?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை.

அடுத்த கிராம சபைக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். வாழவந்தி, நாகலூர், மஞ்சக்குட்டை, மாரமங்கலம் பக்கம் யார் வீட்டிலாவது இதே மாத்திரை என்றால், இன்றிலிருந்து கிடைத்த நாளையும் கிடைக்காத நாளையும் குறித்து வையுங்கள். மனுவின் மாதிரி வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.