மூன்றாவது முடிச்சு அடுத்த ஃபைலில்

அம்மாள்: தம்பி, என் பெண்ணின் கல்யாணம் காணாமல் போய்விட்டது.

தம்பி: ஐயையோ! போன மாதம்தானே அம்மா ஆச்சு? மாப்பிள்ளை நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார்.

அம்மாள்: மாப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை, பத்திரமாக இருக்கிறார். இதற்குள் இருந்த கல்யாணத்தைச் சொல்கிறேன்.

(மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்துப் பென்டிரைவை ஸ்டூடியோக்காரத் தம்பியின் மேஜையில் வைக்கிறார். நான் பாஸ்போர்ட் போட்டோவுக்குக் காத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஸ்டூடியோ எது என்று கேட்காதீர்கள். இன்னும் போட்டோ வாங்கவில்லை.)

தம்பி: இதுவா! பயந்தே போய்விட்டேன். என்ன ஆச்சு?

அம்மாள்: டிவியில் செருகினேன், ‘எதுவும் இல்லை’ என்றது. பக்கத்து வீட்டுப் பையனின் லேப்டாப்பில் போட்டோம். அது, ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?’ என்று கேட்டது.

தம்பி: வேண்டாம் என்று கொடுத்திருப்பீர்களே?

அம்மாள்: நான் கண்ணாடி போடுவதற்குள் அவன் ஆமாம் என்று அமுக்கிவிட்டான். முப்பத்திரண்டு வருஷம் சார்பதிவாளர் ஆபீஸில் வேலை பார்த்தவள் நான். படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். பி.டெக். முடித்துவிட்டுப் படிக்காமல் கைநாட்டு வைக்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். அவனையாவது விடலாம். வாசலில் வந்து நிற்கிறவரை அடையாளம் தெரியவில்லை என்றால் ‘யாருங்க நீங்க’ என்று கேட்போமா, ‘கொன்றுவிடட்டுமா’ என்று கேட்போமா?

தம்பி: அது விண்டோஸ் அம்மா, அப்படித்தான் கேட்கும். நாங்கள் இங்கே ஆப்பிள் மேக்கில் எடிட் செய்கிறோம். பென்டிரைவையும் மேக் ஃபார்மேட்டிலேயே போட்டுவிட்டோம். விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது.

அம்மாள்: எங்கள் வீட்டில் மேக் இருக்கிறது என்று யார் சொன்னது?

தம்பி: யாரும் சொல்லவில்லை...

அம்மாள்: நலங்குக்கு என்ன கலர் புடவை என்று மூன்று தடவை போன் போட்டாய். ஆல்பத்துக்கு வெல்வெட் அட்டையா, தோல் அட்டையா என்று ராத்திரி பத்து மணிக்குக் கேட்டாய். இதை எதில் போட்டுப் பார்ப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

தம்பி: உங்கள் டிவி கொஞ்சம் பழசாக இருக்கும் அம்மா.

அம்மாள்: வந்துவிட்டாயா அங்கே! டிவிக் கடையில் கேட்டால் பென்டிரைவ் சரியில்லை என்கிறான். நீ டிவி சரியில்லை என்கிறாய். எங்கள் ஆபீஸில் இதற்கு ‘தாலுகா ஆபீஸில் போய்க் கேளுங்க’ என்று பெயர். அதை விடு. மூலப்பத்திரம் உன்னிடம் இருக்கிறதா, இல்லையா?

தம்பி: ஒரிஜினலா? ஒரு மாதத்தில் அழித்துவிடுவோம். உங்களுடையதை அழிக்க மறந்துபோய்விட்டது.

அம்மாள்: உன் சோம்பேறித்தனத்தில் என் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது.

தம்பி: உண்மையில் இந்தப் பென்டிரைவிலும் உடனே எதுவும் அழிந்திருக்காது அம்மா. குவிக் ஃபார்மேட் என்றால் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை மட்டும்தான் புதிதாக எழுதும். உள்ளே இருந்தது அப்படியே கிடக்கும்.

அம்மாள்: பத்திரம் இருக்கிறது, இன்டெக்ஸ் புத்தகத்தைக் கிழித்துவிட்டார்கள்.

தம்பி: அதேதான்!

அம்மாள்: அந்த இடத்தை வேறு ஒருவன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால்?

தம்பி: அப்போது போச்சு. மேலே எதுவும் காப்பி செய்யவில்லையே?

அம்மாள்: ஓடுகிறதா பார்க்கலாம் என்று அவன் எட்டு சினிமா ஏற்றிப் பார்த்தான்.

தம்பி: ...ஒரிஜினலிலிருந்தே போட்டுத் தருகிறேன். இந்த முறை ஃபேட்டில் போடுகிறேன்.

அம்மாள்: எதில்?

தம்பி: ஃபேட். ஃபேட் 32.

அம்மாள்: கொழுப்பா?

தம்பி: இல்லை அம்மா. ஃபைல் அலொகேஷன் டேபிள் என்பதன் சுருக்கம். நீங்கள் சொன்ன இன்டெக்ஸ் புத்தகம்தான்.

அம்மாள்: சுருக்கினால் இளைக்கவல்லவா வேண்டும்? சரி, போடு கொழுப்பை.

(தம்பி பழையதை அழித்து, புதிதாக ஃபார்மேட் செய்து, காப்பி கொடுக்கிறார். ‘ஃபைல் மிகப் பெரியது’ என்று ஒரு பெட்டி வருகிறது. அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இந்த முறை முழுசாகப் படிக்கிறார்.)

அம்மாள்: 64 ஜிபி காலியாக இருக்கிறது. கல்யாணம் 11 ஜிபி. இடம் போதாது என்கிறதே, உன் மெஷினுக்குக் கணக்குத் தெரியுமா?

தம்பி: இடம் இருக்கிறது அம்மா. ஆனால் ஃபேட் 32-ல் ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல் இருக்கக் கூடாது. ஃபைல் எவ்வளவு பெரியது என்று எழுத அதில் 32 பிட்தான் கட்டம் விட்டிருக்கிறார்கள். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அவ்வளவு பைட்தான்.

அம்மாள்: பாரத்தில் தொகை எழுத ஏழு கட்டம் விட்டிருக்கிறான். நிலம் கோடிக்கு விற்றுவிட்டது.

தம்பி: கரெக்ட். 1996-ல் வந்தது அம்மா இது. அன்றைக்குப் பல கம்ப்யூட்டரில் மொத்த ஹார்ட் டிஸ்க்கே ஒன்று, இரண்டு ஜிபிதான்.

அம்மாள்: அப்போது அவனைக் குறை சொல்ல முடியாது. 1996-ல் கல்யாண வீடியோ கேசட் இரண்டு. ஒன்றை எலி கடித்தது. இப்போது என்ன செய்வாய்?

தம்பி: வீடியோவை 4 ஜிபிக்குள் வருகிற மாதிரி துண்டு துண்டாக வெட்டிவிடலாம். இதோ... முதல் துண்டு இங்கே முடிகிறது.

(திரையில் மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருக்கிறார். படம் சட்டென்று நிற்கிறது.)

அம்மாள்: இது எந்த இடம்?

தம்பி: இரண்டு முடிச்சு முதல் ஃபைலில் வந்துவிடும். மூன்றாவது முடிச்சு அடுத்த ஃபைலில்.

அம்மாள்: அடப்பாவி! மூன்றாவது முடிச்சு போட்டது யார் தெரியுமா? நாத்தனார். சம்பந்தியம்மாவின் பெண். அதைத் தனியாக வெட்டி அடுத்த ஃபைலில் போட்டால், நான் வேண்டுமென்றே காசு கொடுத்து வெட்டச் சொன்னதாக அவர்கள் ஊர் முழுக்கச் சொல்வார்கள். 4 ஜிபி என்று சொன்னால் கேட்பார்களா?

தம்பி: அப்படியென்றால் எங்கே வெட்ட?

அம்மாள்: வாத்தியார் மந்திரம் சொல்லும்போது நீ டிரோன் விட்டாயே, கால் மணி நேரம் மண்டபத்துத் தண்ணீர்த் தொட்டியே தெரிந்ததே, அங்கே வெட்டு. யாருக்கும் நஷ்டமில்லை.

தம்பி: அது சினிமாட்டிக் ஷாட் அம்மா... சரி, எதற்கு வெட்டிக்கொண்டு? எக்ஸ்ஃபேட்டில் போட்டுவிடட்டுமா? அதில் ஒரே ஃபைலாகவே போகும்.

அம்மாள்: எக்ஸ் எம்.எல்.ஏ. மாதிரி முன்னாள் கொழுப்பா? பதவி போனால் கொழுப்பு குறைய வேண்டுமே, எப்படி 11 ஜிபி தாங்கும்?

தம்பி: அது வேறு எக்ஸ் அம்மா. 2006-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. விண்டோஸ் எழுதும், மேக் எழுதும். லினக்ஸ் என்று இன்னொரு சிஸ்டம், அதிலும் உள்ளே இருக்கிற கெர்னல் என்ற மையப் பகுதி 2019-க்குப் பிறகு வந்தது என்றால் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

அம்மாள்: லினக்ஸா? மாப்பிள்ளை அந்தப் பேரை அடிக்கடி சொல்வார். ‘நான் லினக்ஸ் மட்டும்தான்’ என்பார்.

தம்பி: அப்படியா? ஜாதகத்தில் அதைப் போடவில்லையா?

அம்மாள்: போட்டிருந்தால் யோசித்திருப்போம். என் டிவி இந்த முன்னாள் கொழுப்பைப் படிக்குமா?

தம்பி: அதுதான் சந்தேகம். எக்ஸ்ஃபேட்டுக்கு மைக்ரோசாஃப்டிடம் லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. 2019-ல்தான் அதன் விவரத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பழைய டிவி பலவற்றில் அது இருக்காது. உங்களுடையது எந்த வருஷம்?

அம்மாள்: 2013. முத்திரைக் கட்டணம் கட்டாததால் என் பெண் கல்யாணத்தை நான் பார்க்க முடியாது. சரி, இன்னொன்று எதுவோ சொல்வார்களே, என்.டி. ஏதோ?

தம்பி: என்.டி.எஃப்.எஸ். 1993-லிருந்து இருக்கிறது. விண்டோஸுக்கு உயிர். ஆனால் மேக் அதைப் படிக்கும், எழுதாது.

அம்மாள்: வில்லங்கச் சான்று மாதிரி. பார்க்கலாம், கை வைக்கக் கூடாது.

தம்பி: உங்கள் டிவி அதைப் படிக்குமா என்று எனக்குத் தெரியாது. அநேகமாக எந்த டிவியானாலும் தயக்கமில்லாமல் படிப்பது ஃபேட் 32. கார் பிளேயரும் அப்படித்தான்.

அம்மாள்: கடைசியில் பழைய கொழுப்புதான் ஊரெல்லாம் செல்லும். இதை முதலிலேயே செய்வதற்கென்ன?

தம்பி: நான் மேக்கில் இருப்பதால் செய்ய முடிகிறது அம்மா. விண்டோஸில் 64 ஜிபி பென்டிரைவை வைத்து ஃபார்மேட் ஜன்னலைத் திறந்தால் ஃபேட் 32 என்ற பேரையே காட்டாது. 32 ஜிபிக்கு மேல் தரமாட்டேன் என்று ஒரு வரம்பு.

அம்மாள்: ஏன்?

தம்பி: ஃபேட்டால் முடியாது என்பதால் இல்லை. மைக்ரோசாஃப்டில் டேவ் பிளம்மர் என்று ஒருவர் இருந்தார். 1994 கடைசியில், நல்லது ஒன்று வரும்வரை இருக்கட்டும் என்று தற்காலிகமாக அந்த ஜன்னலைச் செய்தாராம். அந்த 32 வரம்பும் அன்று காலையில் அவர் வைத்ததுதானாம். அவரே சொல்லியிருக்கிறார். நல்லது வரவில்லை. ஜன்னல் இன்னும் அப்படியே இருக்கிறது.

அம்மாள்: (கொஞ்ச நேரம் பேசவில்லை) எங்கள் ஆபீஸில் தற்காலிகமாக மூன்று மாதத்துக்கு என்று டைப்பிஸ்ட் ஒருத்தியைப் போட்டார்கள். இருபத்தோரு வருஷம் மூன்று மூன்று மாதமாக நீட்டித்தார்கள். தற்காலிகமாகவே ரிட்டையர் ஆனாள், பென்ஷன் கிடையாது. அந்த ஜன்னலுக்காவது சம்பளம் வேண்டாம்.

(இதற்குத் தம்பி பதில் சொல்லவில்லை. நானும் என் டோக்கனைப் பார்த்துக்கொண்டேன்.)

அம்மாள்: இன்னொரு கேள்வி. அட்டையில் 64 என்று போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் பார்த்தபோது 59 என்றுதான் காட்டியது. மீதி ஐந்து யாரிடம்?

தம்பி: கம்பெனிக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவார். விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணும். அந்த வித்தியாசம்தான். மேக்கில் பாருங்கள், 64 என்றே காட்டும்.

அம்மாள்: விற்கிறவன் அளக்கும் சங்கிலி வேறு, வாங்குகிறவன் அளக்கும் சங்கிலி வேறு. பத்திரத்தில் 64 சென்ட், அளந்தால் 59. அதற்குக் கேஸ் போட்டவர்கள் எல்லாம் இன்னும் கோர்ட்டில் இருக்கிறார்கள். சரி, டிரோனில் வெட்டிப் போடு.

(காப்பி ஆகிறது. நலங்கு ஒன்று, முகூர்த்தம் இரண்டு, வரவேற்பு ஒன்று. நாத்தனார் முழுசாக இருக்கிறார்.)

தம்பி: முந்நூறு ரூபாய் ஆகும் அம்மா.

அம்மாள்: எதற்கு?

தம்பி: ரீ-காப்பி சார்ஜ்.

அம்மாள்: இப்போது தெரிகிறது, கொழுப்பு பென்டிரைவில் இல்லை.

தம்பி: ...வேண்டாம் அம்மா. ஒன்று மட்டும் கவனம். எடுக்கும்போது சும்மா பிடுங்காதீர்கள். என்ன எழுதப் போகிறோம் என்று முன்கூட்டியே குறித்து வைக்கிற ஜர்னல் இதில் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அந்தப் பட்டியல் பாதியில் நின்றுவிடும். எஜெக்ட் கொடுத்துவிட்டு, அது சரி என்று சொன்ன பிறகுதான் எடுக்க வேண்டும்.

அம்மாள்: மை காய்வதற்குள் பதிவேட்டை மூடக் கூடாது. எனக்கா சொல்கிறாய்? நீ கவரில் எழுது. ‘விண்டோஸ், மேக், லினக்ஸ், 2013 டிவி, நான்கிலும் ஓடும்.’ கீழே கையெழுத்து, தேதி. சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும். உன் லைட் பாய் ஒருவன். (என்னைப் பார்த்து) சார், நீங்கள் ஆதார் வைத்திருக்கிறீர்களா?

(போட்டேன். லைட் பாயும் போட்டான். தம்பி கவரை நீட்டிக்கொண்டே, இன்னொரு கையால் பென்டிரைவைச் சட்டென்று பிடுங்கினார். திரையின் மூலையில் ஒரு பெட்டி எழுந்தது.)

அம்மாள்: அது என்ன தம்பி, ஏதோ வந்திருக்கிறதே?

தம்பி: ஒன்றுமில்லை அம்மா.

அம்மாள்: (கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு) ‘டிஸ்க் முறையாக வெளியேற்றப்படவில்லை.’

தம்பி: எல்லாம் ஏறிவிட்டது அம்மா. அது சும்மா வருவது.

அம்மாள்: (நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொள்கிறார்) திரும்பச் செருகு. மூன்றாவது முடிச்சிலிருந்து போடு, பார்க்கிறேன்.