கூடுதல் நேரம் வேலை செய்தால் கைக்கு வருவது குறையுமா?

“பகுதிநேர வேலையில் கூடுதல் நேரம் எடுக்காதீர்கள், வரி அடுக்கு மாறினால் மொத்தச் சம்பளத்துக்கும் அதிக வரி” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அடுக்குமுறை வரியில் உயர்ந்த விகிதம் எல்லையைத் தாண்டிய தொகைக்கு மட்டும்தான். 1,000 வரை 10 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,100 சம்பாதித்தால் வரி 100 + 20 = 120. 220 அல்ல. கையில் 980 நிற்கும். 1,000 மட்டும் சம்பாதித்திருந்தால் 900தான்.

கூடுதல் நேரம் பார்த்த மாதத்தில் பிடித்தம் பெரிதாகத் தெரிவதால் பலர் இதை நம்பிவிடுகிறார்கள். அதிகம் பிடித்திருந்தால், ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். வருமான வரம்புள்ள அரசு உதவித்தொகை வாங்குபவர்கள் மட்டும் அந்த வரம்பைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரித்துறையின் தளத்தில் விகிதப் பட்டியல் இருக்கும், சரிபாருங்கள். குறைந்த கூலிக்காரரின் வேலை நேரத்தையே பறிக்கும் இந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.