கைதட்டத் தெரியாமல் ஃபிளமெங்கோ கேட்கப் போனேன்

பாட்டும் தாளமும் ஆட்டமும் சேர்ந்த ஸ்பெயினின் ஃபிளமெங்கோ என்றதும் சிவப்புப் பாவாடையும் மேடையை அதிரவைக்கும் செருப்பும்தானே ஞாபகம் வரும்? எனக்கும் அப்படித்தான், ஒரு டிசம்பரில் தெற்கு ஸ்பெயினின் ஹெரேஸ் ஊருக்குப் போகிறவரை.

சாந்தியாகோ என்கிற பழைய பேட்டையில் ஒரு வீட்டு முற்றம். நடுவில் நெருப்பு, சுற்றிலும் நாற்காலிகள், பாட்டியிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளை வரை எல்லோரும் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் நடக்கும் இந்தக் கூடலுக்கு சம்போம்பா என்று பெயர். அது உண்மையில் ஒரு பானையின் பெயர். வாயில் தோல் கட்டி, தோலின் நடுவே நாணல் குச்சி செருகியிருப்பார்கள், ஈரக்கையால் குச்சியை உருவ உருவ பானை உறுமும். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். திடீரென்று ஓர் அம்மா கையிலிருந்த பலகாரத்தைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு எழுந்தார், அரை நிமிடம் ஆடினார், திரும்ப வந்து மிச்சத்தைச் சாப்பிட்டார். அவ்வளவுதான்!

உற்சாகத்தில் நானும் கைதட்டினேன். பக்கத்திலிருந்த தாத்தா சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அங்கே கைதட்டல் பாராட்டு இல்லை, வாத்தியம். புலெரியாஸ் என்கிற ஃபிளமெங்கோ தாள வகைக்குப் பன்னிரண்டு எண்ணிக்கை. 12, 3, 6, 8, 10 இல் அழுத்தம் விழும். உள்ளங்கையைக் குழித்துத் தட்டினால் அடங்கிய ஓசை, விரல்களால் உள்ளங்கையில் அடித்தால் கணீரென்ற ஓசை. பாடுகிறவர் குரலை இறக்கினால் எல்லாக் கைகளும் தானாகக் குழிகின்றன. பத்து வயதுப் பையனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, சரி என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

2010 இல் யுனெஸ்கோ ஃபிளமெங்கோவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம்தான், ஆனால் பட்டியல் முற்றத்தைக் காப்பாற்றாது. செவில்லா நகரின் திரியானாவில் ஹிதானோ மக்கள் (ஸ்பெயினின் ரோமா மக்கள், பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து கிளம்பியவர்களின் வழிவந்தவர்கள்) பொதுமுற்றம் வைத்த ஒண்டுக்குடித்தனங்களில் வாழ்ந்தார்கள். கொல்லுப்பட்டறையோடு சேர்த்துச் சொல்லப்படும் மார்த்தினேத்தே என்கிற ஃபிளமெங்கோ பாட்டுக்குக் கிதார்கூடக் கிடையாது. 1950, 60களில் அந்த வீடுகள் காலியாக்கப்பட்டு, குடும்பங்கள் ஊரின் ஓரத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறின. பாட்டு போகவில்லை, ஆனால் சேர்ந்து உட்கார்ந்த இடம் போய்விட்டது. என்னைக் கேட்டால் முதலில் அழுதிருக்க வேண்டியது அதற்குத்தான்.

ஹெரேஸிலும் இப்போது டிக்கெட் போட்டு, ஒலிபெருக்கி வைத்து நடக்கும் சம்போம்பாக்கள் உண்டு. கலைஞர்களும் சாப்பிட வேண்டுமே, காசு வாங்குவதில் தப்பே இல்லை. ஒலிபெருக்கிதான் ஒத்துவரவில்லை, எதிர் நாற்காலிக்காரர் தட்டுவது காதில் விழமாட்டேன் என்கிறது.

அங்கே மேசையில் விரல் முட்டியாலும் தாளம் போடுவார்கள். நானும் சாப்பாட்டு மேசையில் முயற்சி செய்கிறேன். எட்டுக்கு அப்புறம் இன்னும் தவறுகிறது.