லாஸ்ட் நேம் கட்டாயமாம்!

இன்று காலை ஏழே முக்காலுக்கு அம்மாவின் போனில் ஒரு குறுஞ்செய்தி. "அன்புள்ள" என்று ஆரம்பிக்கிறது. அடுத்த சொல் அப்பாவின் பெயர். உங்கள் கேஒய்சி விவரங்கள் வெற்றிகரமாகப் புதுப்பிக்கப்பட்டன, எங்களோடு இணைந்திருப்பதற்கு நன்றி.

அப்பா போய் ஒன்பது மாதம் ஆகிறது.

அம்மா போனை என்னிடம் நீட்டி, "அவருக்கு எதுக்குடா அனுப்பறாங்க?" என்று கேட்டாள். அவருக்கு இல்லை அம்மா, உனக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள், அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் கணக்கில் இனிமேல் உன் பெயரே அதுதான் என்று எந்த வாயால் சொல்வது?

பதினோரு வருடமாக மென்பொருள் எழுதித்தான் சாப்பிடுகிறேன். இந்தச் செய்தி எப்படி உண்டானது என்பது எனக்கு வரிக்கு வரி தெரியும். தெரிவதால்தான் இப்படி வயிறு எரிகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்த கூத்து. அம்மாவின் பாலிசியில் நாமினி அப்பா. அதை மாற்ற வேண்டும், வேலை அவ்வளவுதான். நாமினியை மாற்றுவதற்கு முன் கேஒய்சியைப் புதுப்பிக்க வேண்டுமாம். சரி, திறந்தேன். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டம். இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இன்றைய ராத்திரி போச்சு என்று.

அம்மாவுக்கு ஒரே பெயர். அதற்கு முன்னால் ஒரு இனிஷியல், என் அப்பா பெயரின் முதலெழுத்து, கோ. ஆங்கிலத்தில் ஜி. உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும்.

பெயரை முதல் கட்டத்தில் போட்டு இரண்டாவதைக் காலியாக விட்டேன். "லாஸ்ட் நேம் கட்டாயம்." சரி என்று ஜி போட்டேன். "குறைந்தது இரண்டு எழுத்துகள் தேவை." ஜி போட்டுப் புள்ளி வைத்தேன். "சிறப்புக் குறியீடுகளுக்கு அனுமதி இல்லை." புள்ளியை எடுத்துவிட்டு ஓர் இடைவெளி விட்டேன். இடைவெளியை வெட்டி எறிந்துவிட்டு மறுபடியும் இரண்டு எழுத்து கேட்டது. அதற்குள் பத்து நிமிடம் ஆகிவிட்டதாம், பாதுகாப்புக் காரணங்களுக்காக வெளியே தள்ளிவிட்டது. மறுபடி பாலிசி எண், மறுபடி பிறந்த தேதி, மறுபடி ஓடிபி. ஓடிபி வருவது அம்மாவின் போனுக்கு. அம்மா மாடியில் துணி எடுக்கிறாள், போன் படுக்கையறையில் சார்ஜில் கிடக்கிறது. நான் ஓடிப்போய் எடுத்து, லாக் திறக்க அம்மாவைக் கூப்பிட்டு, ஆறு இலக்கத்தையும் தட்டி முடித்தால் "ஓடிபி காலாவதியாகிவிட்டது". மறுபடி.

இந்த முறை அம்மாவின் பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டேன். ஏற்றுக்கொண்டது! தன் பெயரையே தனக்குக் குடும்பப் பெயராக வைத்திருக்கும் ஒரு பெண்மணி இருக்கிறாள் என்பதில் அந்தப் படிவத்துக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அடுத்த பக்கத்தில் பான் எண். சக்கரம் சுற்றியது, சுற்றியது, "பெயர் பொருந்தவில்லை".

பொருந்தாதுதான். அம்மா பான் கார்டு வாங்கிய காலத்துப் படிவம் 49ஏ-வில் இனிஷியல் எழுதக் கூடாது, விரித்து எழுத வேண்டும், லாஸ்ட் நேம் கட்டாயம். பூர்த்தி செய்து கொடுத்த ஏஜென்ட் முதலில் தாத்தா பெயரைப் போட்டு, அம்மாவின் பெயரைக் கடைசிப் பெயராக்கிவிட்டார். ஆதாரில் அம்மாவின் பெயர், பின்னால் ஜி, அது அப்பா. பாஸ்புக்கில் ஜி முன்னால், புள்ளியோடு. ரேஷன் கார்டில் இனிஷியலே இல்லை. நாலு காகிதத்திலும் ஒரே மனுஷி. அடுத்த தெருக் காய்கறிக்காரருக்குக்கூட அதில் குழப்பம் வராது.

சரி, பானில் இருக்கிறபடியே போட்டேன், தாத்தா முதலில், அம்மா கடைசியில். பான் பொருந்தியது. ஆதார் பொருந்தவில்லை. ஆதாரில் இருக்கிறபடி போடலாமென்றால் ஜி ஒற்றை எழுத்து, கட்டம் விடாது. மணி எட்டே முக்கால்.

கஸ்டமர் கேர். இருபத்திரண்டு நிமிடம் அந்தப் பாட்டைக் கேட்டேன். கடைசியில் எடுத்த பெண், பாவம், தன்மையாகத்தான் பேசினாள். "சர்நேம் இல்லைன்னா ஹஸ்பெண்ட் நேம் போட்டுடுங்க சார், எல்லாரும் அப்படித்தான் போடறாங்க." அவர் இறந்துவிட்டார் மேடம், அவர் பெயரை எடுப்பதற்காகத்தான் இந்தப் படிவத்துக்கே வந்தேன் என்றேன். ஒரு நிமிடம் அமைதி. "சாரி சார். ஆனா சிஸ்டம் வேற எதையும் எடுக்காது சார்." அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் பார்க்கிற திரையிலும் அதே சிவப்பு நட்சத்திரம்தான் இருந்திருக்கும்.

போட்டேன். அம்மாவின் கடைசிப் பெயர் என்று அப்பாவின் பெயரை முழுசாகத் தட்டினேன். "கைமுறைச் சரிபார்ப்புக்கு அனுப்பப்பட்டது" என்றது. அதன் பலன்தான் இன்று காலை வந்தது.

இப்போது தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். அந்தச் சிவப்பு நட்சத்திரம் இயற்கையின் விதி இல்லை. வலைப்பக்கம் எழுதுகிற மொழியான ஹெச்டிஎம்எல்லில் "ரிக்வயர்டு" என்று ஒரு சொல், ஆங்கிலத்தில் எட்டு எழுத்து. யாரோ ஒருவர் யோசிக்காமல் தட்டியது. டேட்டாபேஸில் அந்தக் கட்டத்துக்கு "நாட் நல்", அதாவது காலியாக இருக்கக் கூடாது என்று இன்னொருவர் பூட்டு போட்டார். ஏ முதல் இசட் வரை மட்டும், குறைந்தது இரண்டு என்று வேறொருவர் எங்கிருந்தோ காப்பியடித்து ஒட்டினார். மூவரும் ஆளுக்கு அரை நிமிடம் செலவழித்திருப்பார்கள். இதில் இன்னொரு கொடுமை கேளுங்கள். தமிழில் "கோ" என்று தட்டினால் கணினிக்கு அது இரண்டு எழுத்து. கணினி எழுத்துகளை எண்ணி வைக்கிற யூனிகோடில் க ஒரு குறி, ஓகாரக் குறி இன்னொன்று. அவர்கள் கேட்ட இரண்டு எழுத்து அம்மாவின் தமிழ் இனிஷியலிலேயே இருக்கிறது! ஆனால் அந்தக் கட்டத்துக்குத் தெரிந்தது ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாக ஐம்பத்திரண்டே ஐம்பத்திரண்டுதான்.

இது ஏதோ தூரதேசத்து வெள்ளைக்காரன் தெரியாமல் செய்தது என்றால்கூட மனசு ஆறும். இந்த நாட்டுக் கம்பெனி, இந்த நாட்டு மக்களுக்காகச் செய்தது. இந்த மாதிரிப் படிவங்களைக் கட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையைத் திருப்பிப் பாருங்கள், அதிலும் இனிஷியல்தான் இருக்கும். தன் பெயரையே உள்ளே விடாத கதவை எப்படி ஒருவன் செய்து மாட்டிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போகிறான்?

எப்படி என்பதும் எனக்குத் தெரியும். பழைய வேலையில் ஒரு மீட்டிங்கில் எழுந்து கேட்டிருக்கிறேன், லாஸ்ட் நேம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று. "அது எட்ஜ் கேஸ், அடுத்த ரிலீஸில் பார்ப்போம்" என்றார் மேனேஜர். எட்ஜ் கேஸ் என்றால் எப்போதோ அபூர்வமாக வருகிற விதிவிலக்கு. அவர் பெயருக்கு முன்னால் மூன்று இனிஷியல். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள் தொகை 7.21 கோடி. இத்தனை பேர் வாழ்கிற இடத்தின் வழக்கம் எட்ஜ் கேஸா? அந்த அடுத்த ரிலீஸ் நான் வேலையை விட்ட பிறகும் வரவில்லை.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லாதது மறதியால் வந்ததுமில்லை. பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதியை வெட்டி எறிய வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அப்படி விட்டொழித்த இடம் அது. வெட்கப்பட ஒன்றுமில்லாத வெற்றிடம். அந்த வெற்றிடத்தை நிரப்பு நிரப்பு என்று இன்று ஒரு படிவம் நம் கழுத்தைப் பிடிக்கிறது.

உலகத்தில் நாம் மட்டும்தானா இப்படி? இந்தோனேசியாவின் முதல் இரண்டு ஜனாதிபதிகள் சுகர்னோ, சுகார்த்தோ, இருவருக்கும் ஒற்றைப் பெயர். ஐநாவின் பொதுச் செயலாளராகப் பத்து வருடம் இருந்த பர்மாக்காரர் ஊ தாண்ட், அதில் "ஊ" என்பது மரியாதைச் சொல், பெயர் தாண்ட் மட்டும்தான். இவர்களில் யாராலும் அம்மாவின் பாலிசியில் நாமினி மாற்ற முடியாது. ஐஸ்லாந்தில் டெலிபோன் டைரக்டரியையே முதல் பெயரை வைத்துத்தான் அடுக்கினார்கள். விஸ்வநாதன் ஆனந்தை "விஷி, விஷி" என்று உலகமே கொண்டாடியது, அது அவருடைய அப்பாவின் பெயர். கூகுளின் தலைவருக்குத் தன் பெயர் சுந்தர், பிச்சை அவர் அப்பா பெயர். அந்த கூகுளில் கணக்குத் தொடங்கும்போது லாஸ்ட் நேம் கட்டாயமில்லை என்று போட்டிருக்கிறது. முடியும்! மனசு வைத்தால் முடியும்.

ஆதாரையே எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கோடிக்கும் மேற்பட்ட மனிதர்களுக்கு ஒரே ஒரு கட்டம், பெயர். விமானப் போக்குவரத்துக்கான சர்வதேச அமைப்பு பாஸ்போர்ட்டுக்கு வகுத்த விதியில் ஒற்றைப் பெயருக்கு இடம் இருக்கிறது, மிச்ச இடத்தை நிரப்பு குறிகளால் நிரப்பிவிடுவார்கள். வலைத் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி, பெயரை இரண்டாகப் பிரித்துக் கேட்பது உண்மையிலேயே தேவையா என்று முதலில் யோசியுங்கள் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. முழுப் பெயருக்கு ஒரு கட்டம். உங்களை எப்படி அழைக்கலாம் என்று இன்னொரு கட்டம். முடிந்தது! இதற்கு ஏஐ வேண்டாம், கிளவுட் வேண்டாம், இருக்கிறதில் ஒரு சொல்லை அழித்தால் போதும்.

அழிக்க மாட்டார்கள். ஏனென்றால் அதன் விலையைக் கட்டுவது அவர்களில்லை. 2023 ஜூன் 30-க்குள் பானையும் ஆதாரையும் இணைக்க வேண்டும் என்று கெடு வைத்தபோது, ஆயிரம் ரூபாய் கட்டணத்தையும் கட்டிவிட்டு, பெயர் பொருந்தவில்லை என்று இ-சேவை மைய வாசலில் நின்ற கிழவர்களைப் பார்த்தேன். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் வர முடியாது என்று சொன்னபோது எத்தனை வீடுகளில் பதறினார்கள். அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவிலோ ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு இன்னும் "எஃப்என்யூ" என்று அச்சடித்துத் தருகிறார்கள். முதல் பெயர் தெரியாதாம். பெற்று வளர்த்தவர்கள் ஆசையாக வைத்த பெயர் கண் முன்னால் இருக்கும்போது, தெரியாது என்று எழுதுகிறார்கள்!

என் வெளிநாட்டு வாடிக்கையாளர் பல வருடமாக என்னை அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். மின்னஞ்சலில் அப்படித்தான் தெரியும். திருத்த வேண்டுமென்று அப்பா இருந்தவரை தோன்றியதில்லை. இந்த ஒன்பது மாதமாக ஒவ்வொரு காலையும் "குட் மார்னிங்" என்று அந்தப் பெயர் காதில் விழும்போது எனக்கு என்ன ஆகிறது என்பதை அவரிடம் எப்படி விளக்குவது? இப்போது அது அம்மாவின் போனுக்குள்ளும் வந்துவிட்டது.

காலையில் புகார் கொடுத்தேன். பதினான்கு இலக்கத்தில் ஒரு புகார் எண் வந்தது. ஏழு வேலை நாளில் பதில் சொல்வார்களாம். பெயரைத் திருத்த வேண்டுமென்றால் ஒரிஜினல் ஆவணங்களோடு கிளைக்கு நேரில் வர வேண்டுமாம். கிளை நாற்பது கிலோமீட்டர் தள்ளி. அம்மாவுக்கு முழங்கால் வலி. நாமினி? அதற்கு மட்டும் ஒரு பதிலும் இல்லை. இன்னும் அப்பாவேதான் நாமினி.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அடுத்த செய்தி வந்தது. அதே கம்பெனிதான். அன்புள்ள, மறுபடி அப்பாவின் பெயர். உங்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை கடன் முன்கூட்டியே ஒப்புதல் செய்யப்பட்டுள்ளது, ஆவணங்கள் தேவையில்லை.

வாங்கி அழிக்கப் போனேன். அம்மா விடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி ஒரு தடவை முழுசாகப் படித்தாள்.

"வீடு கட்டறப்ப ரெண்டு லட்சத்துக்கு எத்தனை பேங்க் ஏறி இறங்கினார் மனுஷன். ஒருத்தன் கொடுக்கல" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கையில் ரசம் சாதம் காயும்வரை இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.