நேரத்தை நீட்டுங்கள், ஆளையும் போடுங்கள்

அந்தக் காணொளியை எனக்கு இதுவரை அனுப்பாதவர்கள் தயவுசெய்து இனியும் அனுப்ப வேண்டாம். பள்ளித் தோழியர் குழு, குடியிருப்போர் சங்கக் குழு, என் நாத்தனார் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் அது வந்து சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போதே நூலகத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. ஒரு பெண் ஊழியர் "டைம் ஆயிடுச்சு, கிளம்புங்க" என்கிறார். படம் எடுப்பவர் "உங்க பேரு என்ன மேடம், பேரைச் சொல்லுங்க" என்று விடாமல் கேட்கிறார். அவ்வளவுதான். அதற்குக் கீழே எழுதப்பட்டவற்றையெல்லாம் இங்கே எடுத்து எழுதப்போவதில்லை. "வாங்குகிற சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கக்கூட வலிக்கிறதா" என்பதுதான் அவற்றுள் நாகரிகமானது.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. அவர் பார்க்கிற வேலை தெரியும். இதே சென்னையின் வேறொரு மூலையில், வேறொரு கிளை நூலகத்தில், நானும் அதே பிற்பகல் ஷிஃப்ட் பார்க்கிறவள். ஆகவே சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு மணிக்குப் பூட்டும் நூலகத்தை இரவு பத்து மணி வரை திறந்து வையுங்கள் என்று அந்தக் காணொளியை வைத்துக் கேட்கிறார்களே, அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. விடிய விடியத் திறந்திருந்தாலும் மகிழ்ச்சிதான். ஆனால் அதற்கு ஆள் வேண்டும். ஆள் போடாமல் நேரத்தை மட்டும் நீட்டச் சொன்னால், அது இருக்கிற ஒருத்தியின் தலையில்தான் விடியும்.

விளக்குகள் ஏன் ஒவ்வொன்றாக அணைகின்றன என்று கேட்டவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எட்டு மணிக்குப் பூட்ட வேண்டுமானால் ஏழரைக்கே வேலையைத் தொடங்கியாக வேண்டும். மேசைகளில் கிடக்கும் புத்தகங்களைச் சேகரிக்க வேண்டும். (படித்த புத்தகத்தை நீங்களே அடுக்கில் வைக்காதீர்கள் என்று எழுதி ஒட்டியிருக்கிறோமே, அது அதிகாரத்துக்காக எழுதியதில்லை. தவறான தட்டில் செருகப்பட்ட புத்தகம் அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வரைக்கும் தொலைந்த புத்தகம்தான்.) அதன் பிறகு நாளிதழ்களின் தாள்களைத் தேடி ஒன்றுசேர்க்க வேண்டும், தினத்தந்தியின் நடுப்பக்கம் இந்துவுக்குள் இருக்கும், வேலைவாய்ப்புப் பக்கம் யாருடைய பைக்குள்ளாவது போயிருக்கும். இரவல் பதிவேட்டை முடித்து, தேதி முத்திரையை மறுநாளுக்குத் திருப்பி, ஜன்னல்களைச் சாத்தி, கழிப்பறைக் குழாய் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசி அடுக்கு வரிசைக்குப் போய், அந்த வரிசையில் எவரும் இல்லை என்பதை நேரில் நடந்து பார்த்த பிறகே அதன் விளக்கை அணைக்க வேண்டும். அப்படியே ஒவ்வொரு வரிசையாக வாசலை நோக்கி வர வேண்டும். உள்ளே ஒரு மனிதரை வைத்துப் பூட்டிவிடக் கூடாது என்ற அச்சம், இந்த வேலையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்குப் போன பிறகும் தீராது. காணொளியில் அவர் அணைப்பதும் பின்னால் உள்ள அடுக்குகளின் விளக்கைத்தான். படிக்கும் மேசைகளின் மேல் விளக்கு கடைசி வரை எரிந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டாம் முறை பார்த்தாலே தெரியும். இரண்டாம் முறை யார் பார்க்கிறார்கள்?

"ரங்கநாதன் பிறந்த மண்ணில் இப்படியா?" என்று, இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதனைச் சொல்லி ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். அவர் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில், வாசகரின் நேரத்தைச் சேமி என்ற நான்காம் விதியையும் எடுத்துக் காட்டியிருந்தார். நல்லது. நூலகவியல் படித்த எங்களுக்கு அந்த ஐந்து விதிகளும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஆனால் 1931-இல் விதிகளை எழுதிய அதே ரங்கநாதன், ஒரு நூலகத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதற்கும் ஒரு வாய்ப்பாடு தந்திருக்கிறார். கணக்கு ஆசிரியர் அல்லவா, விடுவாரா? நூல் வழங்கும் வாயில் ஓராண்டில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறதோ, அதை 1500-ஆல் வகுக்க வேண்டும். அத்தனை பேர் அந்தப் பிரிவுக்கு மட்டும் தேவை. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்துக்கொண்டால் 3600 மணி நேரம், அதாவது 2.4 பேர். பத்து மணி வரை நீட்டினால் 4200 மணி நேரம்; 2.8 பேர். மனிதரைப் பின்னமாக நியமிக்க முடியாது என்பதால் மூவர் என்று கொள்ளலாம். குறிப்புதவிக்கும் (வாசகர் கேட்கும் தகவலைத் தேடித் தருவது) பருவ இதழ்களுக்கும் பராமரிப்புக்கும் அவர் தனித்தனியே கணக்குப் போட்டிருக்கிறார். எங்கள் கிளையில் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் அந்த எல்லாப் பிரிவுகளும் நான் ஒருத்திதான். ரங்கநாதனை மேற்கோள் காட்ட விரும்புவோர் அவரை முழுமையாகக் காட்டினால் எனக்கு இந்தப் பதிவை எழுதும் வேலை மிச்சமாகியிருக்கும்.

1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றபோது, அங்கிருந்த வெறுமையையும் தனிமையையும் தாங்க முடியாமல், முன்பு கணக்குச் சொல்லிக்கொடுத்த மாநிலக் கல்லூரிக்கே திரும்பிவிட அவர் முயன்றார் என்பதும், முதலில் லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார்கள் என்பதும் நூலகவியல் படித்த எல்லோரும் அறிந்த வரலாறு. நல்லவேளை, அன்றைக்குக் கைப்பேசி இல்லை. இருந்திருந்தால் "வேலை பிடிக்காத நூலகர்" என்று முப்பது விநாடிக் காணொளியாக அவரும் சுற்றிவந்திருப்பார்.

அடுத்து, உட்கார்ந்திருக்கிற வேலை. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்த பெண்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. உட்காருவது சலுகையன்று, உரிமை என்று அன்றைக்குப் பக்கம் பக்கமாக எழுதியவர்களுள் சிலர் இன்றைக்கு என் நாற்காலியைப் பார்த்துப் பொருமுகிறார்கள். சொல்லப்போனால் அந்த நாற்காலியில் நான் இருக்கும் நேரமும் குறைவுதான். ஆனாலும் அதைச் சொல்லி அனுதாபம் தேட நான் விரும்பவில்லை. உட்கார்ந்தே செய்தாலும் வேலை வேலைதானே?

வேலைக்குப் போகிறவர் ஏழு மணிக்கு அலுவலகத்தை விட்டு வந்தால், எட்டு மணிக்குப் பூட்டும் நூலகத்தால் அவருக்கு என்ன பயன் என்பது நியாயமான கேள்வி. ஒற்றை அறையில் நான்கு பேர் வசிக்கும் வீட்டிலிருந்து குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு எங்களை விட்டால் வேறு இடம் இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஆள் போடச் சொல்கிறேன்.

ஆனால் "ஐடி கம்பெனியில் பெண்கள் விடிய விடிய வேலை பார்க்கவில்லையா?" என்று கேட்கிறவர்களிடம் எனக்கு அந்த அளவுக்குப் பொறுமை இல்லை. அந்தப் பெண்களை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து இறக்கிவிட வண்டி வருகிறது. வர வேண்டும், அது அவர்கள் உரிமை. கடைகளை இருபத்துநான்கு மணி நேரமும் திறந்து வைக்க 2019-இல் அனுமதி தந்த அரசாணைகூட, பெண் ஊழியரை இரவு எட்டு மணிக்குமேல் வேலை வாங்க வேண்டுமானால் அவருடைய எழுத்துமூலமான சம்மதமும் தக்க பாதுகாப்பும் வேண்டும் என்றுதான் சொல்லியது. எனக்கு இருப்பது மகளிர் கட்டணமில்லாப் பேருந்து. அதை நான் குறை சொல்ல மாட்டேன், மாதச் செலவில் கணிசமாக மிச்சமாகிறது. ஆனால் எட்டு மணிக்குமேல் அது எப்போது வரும் என்பதை நடத்துநரே அறியமாட்டார். வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்து, கதவைத் திறந்து, தோசைக்கல்லை அடுப்பில் வைக்கும்போது மணி பத்தாகிவிடும்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்ற பழமொழியைச் சொன்னவர் பிற்பகல் ஷிஃப்ட் பார்த்தவராக இருக்க முடியாது. என் மகன் பிளஸ் டூ படித்த ஆண்டு முழுவதும், மாலை வேளைகளில் நான் அடுத்தவர் பிள்ளைகளுக்கு வினாத்தாள் தொகுப்பு தேடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் வீட்டில் தனியாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு விடுமுறை, எனக்கு வேலை. வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை, அவனுக்குப் பள்ளி. அவன் வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

"கொஞ்சம் மனிதாபிமானம் காட்டக் கூடாதா?" என்று எழுதிய தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் கிளைக்குப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வருவாள். அவளுடைய அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். சவாரி தூரமாக அமைந்துவிட்டால் எட்டு மணிக்கு வந்து சேர முடியாது. கேட்டைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நான் நிற்பேன். "நீங்க போங்க மேடம், அப்பா வந்துருவாரு" என்பாள். போக முடியுமா? தெருவிளக்கும் சரியாக எரியாத சந்து அது. எட்டரை, எட்டே முக்காலுக்கு அவர் வந்து, "திருவான்மியூர் சவாரி மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்பார். வருகைப் பதிவேட்டில் இந்த முக்கால் மணி நேரத்துக்குக் கட்டம் கிடையாது. இதை யாரும் படம் எடுத்ததும் கிடையாது. எடுக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. எங்களுக்கு மனிதாபிமானம் கற்றுத்தர வராமல் இருந்தால் போதும்.

"வரி கட்டுகிறோம், கேள்வி கேட்க உரிமை இல்லையா?" தாராளமாக உண்டு. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகங்கள் சட்டத்தின்படி, சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக உங்களிடமிருந்து வாங்கப்படுகிறது. உள்ளாட்சி அமைப்புகள் அதை நூலக ஆணைக்குழுக்களுக்குச் செலுத்தாமல் வைத்திருக்கும் நிலுவையைப் பற்றிய செய்தி அவ்வப்போது நாளிதழ்களில் வருகிறது. அந்த நாளிதழையும் எங்கள் மேசையில்தான் படித்துவிட்டு, நான்காக மடித்துப் போட்டுவிட்டுப் போகிறீர்கள். உங்கள் வரி எங்கே நிற்கிறது என்று கேட்காமல், நாற்காலியில் அகப்பட்ட ஒரு பெண்ணின் பெயரைக் கேட்கிறீர்கள். அவர் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது? அவர் பெயரில் இன்னொருவரை நியமிக்கப்போகிறார்களா?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போட 10 ரூபாய்தான் கட்டணம். உங்கள் பகுதி நூலகத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, அவற்றில் காலி எத்தனை, எவ்வளவு காலமாகக் காலி என்று மூன்று கேள்விகள் எழுதினால் போதும். எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், நானே எழுதித் தருகிறேன். இந்தப் பதிவின் கீழ் சண்டை போட நினைப்பவர்களும் நாளைக்கு வரலாம். நாளை வெள்ளிக்கிழமை, எனக்கு விடுமுறை. எட்டு மணிக்கு மேலும் பதில் சொல்வேன்.