கீசருக்கு 10 ஆம்பியர் பிளக் வேண்டாம்

மின்சாரம் அளக்கும் ஸ்மார்ட் பிளக்கில் 10 ஆம்பியர் இருந்தாலே வீட்டுக்குப் போதும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். டிவி, மிக்சிக்குச் சரி. எங்கள் வீட்டு கீசர் 3000 வாட். 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். அதற்கும் ஏசிக்கும் 16 ஆம்பியர் பிளக்தான் வேண்டும். நானும் முதலில் சின்னதைத்தான் வாங்கினேன். இண்டக்‌ஷன் அடுப்பை மாட்டி அரை மணி நேரத்தில் தொட முடியாத சூடு, லேசாகப் பிளாஸ்டிக் வாடை வேறு.

அப்புறம், அந்த நேரத்து வாட் மட்டும் காட்டுகிற பிளக்கால் பெரிய பயனில்லை. நாள்வாரியாக யூனிட்டைச் சேர்த்து வைக்க வேண்டும். ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் ஓடும், நிற்கும். ஒரு வாரமாவது விட்டுப் பார்த்தால்தான் கணக்கு பிடிபடும்.

எங்கள் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் அணைத்த பிறகும் 11 வாட் காட்டியது. அப்படியே கிடந்தால் இரண்டு மாதத்துக்குக் கிட்டத்தட்ட 16 யூனிட். பிசாத்துக் கணக்குதான். ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 யூனிட் வரைக்கான குறைந்த விலையும் போய்விடுகிறதே! போன முறை எங்களுக்கு 509 யூனிட்.